தேவைக்குப் பிறந்த வண்டியும் ஆசைக்குப் பிறந்த வண்டியும்

மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. 1924-ஆம் வருஷத்து மாடல் டி ஒன்றும் 1965-ஆம் வருஷத்து மஸ்டாங் ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன, சேமிப்பில் இருப்பதை வைத்து இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும், எதை எடுக்கட்டும் மாமா என்று கேட்டிருக்கிறாய். பதிலை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் எடுத்த பழைய வண்டி ஒருவனிடம் நிலைப்பதில்லை. இரண்டு குளிர்காலம் தாண்டுவதற்குள் அடுத்தவன் கைக்குப் போய்விடும். என் வேலைக்காலம் முழுவதும் டெட்ராய்ட் பக்கத்திலேயே கழிந்தது. சனி, ஞாயிறுகளில் பழைய வண்டிக்காரர்களின் கராஜ்களில் நின்று, அவர்கள் பிரிப்பதையும் மாட்டுவதையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவைதான் நான் இங்கே சொல்லப் போகிற விஷயங்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இரண்டும் ஃபோர்டு கம்பெனி வண்டிகள்தான். நடுவில் நாற்பது வருஷம். அந்த நாற்பது வருஷத்தில், அமெரிக்காக்காரன் தன் வண்டியிடம் எதிர்பார்த்ததே வேறாகிவிட்டது. பழைய பொருள் எதை வாங்கப் போனாலும் அதை யாருக்காக, எதற்காகச் செய்தார்கள் என்று முதலில் கேள். நிறமும் விலையும் ஓடிய மைலும் அதற்குப் பிறகு.

மாடல் டி தேவைக்குப் பிறந்தது. ஹென்றி ஃபோர்டு விவசாயி வீட்டுப் பிள்ளை. 1908 அக்டோபரில் அந்த வண்டி வந்தபோது இந்த நாட்டின் கிராமத்துச் சாலைகள் பெரும்பாலும் வெறும் மண். மழை பெய்தால் சேறு. டி அவ்வளவு உயரமாக நிற்பது அதனால்தான். முன்னால் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங், பின்னால் குறுக்காக ஒன்று. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மொத்த வண்டியும் நெளிந்து கொடுக்கும், உடையாது. வனேடியம் கலந்த எஃகை அச்சுகளுக்கும் கியர்களுக்கும் பயன்படுத்தினார்கள். விவசாயிகள் பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பெல்ட் மாட்டி, மரம் அறுக்கவும் தண்ணீர் இறைக்கவும்கூட அதை ஓட்டினார்கள்.

முதலில் அதன் விலை 850 டாலர். அது சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத காசு. 1913-இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. ஒரு சேஸிஸைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆன வேலை, சில மாதங்களில் 93 நிமிடத்துக்கு இறங்கியது. மறு ஜனவரியில், எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார்கள். 1925-இல் இரண்டு பேர் உட்காரும் ரன்னபவுட் 260 டாலருக்கு வந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார், அந்தக் கூலியில் 52 நாள் சம்பளம். தான் பூட்டுகிற வண்டியைத் தானே வாங்க முடிந்த தொழிலாளி என்பது உலகத்துக்கே புதிய செய்தி. 1914 முதல் 1925 வரை கறுப்பு ஒன்றுதான் நிறம். வேறு நிறம் கேட்டால் கிடையாது. 1927 மே மாதம் ஒன்றரைக் கோடியாவது வண்டி வெளியே வந்தது. அதோடு டியின் காலம் முடிந்தது.

மஸ்டாங் ஆசைக்குப் பிறந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து பிறந்த பிள்ளைகள் அறுபதுகளின் நடுவில் ஓட்டுநர் உரிமம் எடுக்கிற வயதுக்கு வந்தார்கள். அப்பாவின் பெரிய குடும்ப வண்டி அவர்களுக்கு வேண்டாம். தங்களுக்கென்று ஒன்று வேண்டும், பார்த்தால் மனசு துள்ள வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. ஃபோர்டு கம்பெனி நிர்வாகி லீ ஐயகோக்கா அதைச் சரியாகக் கணித்தார். எட்சல் என்ற காரில் கம்பெனி பெருநஷ்டம் பட்டுச் சில வருஷங்களே ஆகியிருந்தன. புதிதாக ஒன்றுக்குப் பணம் கேட்பது லேசான காரியமாக இல்லை. அதனால் ஃபால்கன் என்ற சிக்கனமான காரின் அடிப்பாகத்தையே எடுத்து, நீண்ட பானெட்டும் குட்டையான பின்புறமுமாக வேறு உடல் கொடுத்தார்கள். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் வெளிவந்தது. ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் நாளே 22,000 ஆர்டர்கள். இரண்டு வருஷம் முடிவதற்குள் பத்து லட்சம் வண்டி. டியில் எல்லோருக்கும் ஒரே வண்டி. மஸ்டாங்கிலோ, பக்கம் பக்கமாக இருந்த பட்டியலைப் பார்த்து எஞ்சின், கியர், சீட், நிறம் என்று ஒவ்வொருவனும் தனக்கான வண்டியைத் தானே அமைத்துக்கொண்டான்.

இந்த வித்தியாசம்தான் இன்று நீ வாங்கப் போகும்போது உன் முன்னால் வந்து நிற்கும். கொஞ்சம் பொறு, அதற்கு முன்னால் ஓட்டுவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மஸ்டாங்கை நீ இன்று சாயங்காலமே ஓட்டலாம். சாவி, கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் நீ அறிந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஸ்டியரிங் கொஞ்சம் தளர்வு, டிரம் பிரேக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். ஐ-94 நெடுஞ்சாலையில் ஏறி சிகாகோவுக்கே போய் வரலாம்.

டியில் உனக்குத் தெரிந்தது எதுவும் உதவாது. தரையில் மூன்று பெடல். வலது பெடல் பிரேக். நடுவில் இருப்பது ரிவர்ஸ். இடது பெடலை முழுக்க அழுத்தினால் லோ கியர், முழுக்க விட்டால் ஹை கியர், நடுவில் நிறுத்தினால் நியூட்ரல். ஆக்ஸிலரேட்டர் காலில் இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்பக்கம் ஒரு கைப்பிடி. இடப்பக்கம் இன்னொரு கைப்பிடி, தீப்பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பதைச் சொல்வது. புது காரில் கம்ப்யூட்டர் நொடிக்குப் பல முறை செய்யும் வேலையை டியில் உன் இடது கை செய்ய வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது அதன் சத்தத்தைக் கேட்டு, கைப்பிடியை ஒரு நூல் மேலே தள்ளுவார்கள். காதும் கையும் சேர்ந்து பழகினால்தான் அது வரும்.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது அந்த இடது கைப்பிடியை மேலே தள்ளித் தீப்பொறியைத் தாமதப்படுத்திவிட்டாயா என்று பார். மறந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். இடது கையால், கீழிருந்து மேலாக இழு. கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும், ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காதே. நீ பார்த்திருக்கும் வண்டியில் செல்ஃப் ஸ்டார்ட்டர் இருந்தாலும் இதைக் கற்றுக்கொள்.

பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். பம்ப் கிடையாது, மேலிருந்து கீழாகத் தானே வழிந்து கார்புரேட்டருக்குப் போக வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் முன்பக்கமாக ஏறினால் எஞ்சின் பட்டினியாகி நின்றுவிடும். அப்போது வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே ஏற்றுவார்கள். தண்ணீர் பம்பும் இல்லை, ஆயில் பம்பும் இல்லை. 20 குதிரைத்திறன், அதிகபட்சம் மணிக்கு 40, 45 மைல். ஃப்ரீவே பக்கமே போக முடியாது. நீ கற்றுக்கொள்ளும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். அதுதான் அந்த வண்டியின் அழகு என்று நான் நினைக்கிறேன்.

இனி வாங்குவது.

மஸ்டாங்கைப் பொறுத்தவரை, ஆசைக்குப் பிறந்த பொருளில் பொய்யும் ஆசையைத் தேடித்தான் நுழைகிறது. பட்டியலில் விலை கூடிய சாமான் எதுவோ அதைப் பின்னாளில் ஒட்டவைத்து விற்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், வி-8 எஞ்சினோடு வெளிவந்த வண்டி என்று நம்பி ஒன்றை வாங்கினார். வண்டியின் எண்ணைப் பார்த்திருந்தால் அது அப்படி வெளிவந்ததில்லை என்று ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த எண்ணை நீ படிக்கக் கற்றுக்கொள். பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கத்து உள்தகட்டில் அடித்திருக்கும். முதல் இலக்கம் 5 என்றால் 1965. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் நியூஜெர்சியின் மெட்டச்சன். அடுத்த இரண்டு இலக்கம் உடல்: 07 சாதாரணக் கூப்பே, 08 கூரை மடக்குவது, 09 ஃபாஸ்ட்பேக். அதற்கடுத்த எழுத்துதான் எஞ்சின். டி (T) என்றால் ஆறு சிலிண்டர். சி, ஏ, கே என்றால் 289 கன அங்குல வி-8. கே வகை 271 குதிரைத்திறன் கொண்டது. அதற்காகத்தான் சேகரிப்பவர்கள் பல மடங்கு கொடுக்கிறார்கள், போலியும் அங்கேதான் அதிகம். சக்கரத்தையும் எண்ணிப் பார்: ஆறு சிலிண்டர் வண்டியில் சக்கரத்துக்கு நான்கு நட், வி-8 வண்டியில் ஐந்து. ஜிடி என்று ஒட்டியிருந்தால் இன்னும் கவனம். அது வண்டி எண்ணில் வராது. 1967 முதல் வந்த ஃபோர்டுகளுக்குத் தொழிற்சாலைப் பதிவைக் காசு கட்டி வாங்கிப் பார்க்கலாம். 65-க்கும் 66-க்கும் அந்த வழி இல்லை. பழைய ரசீதும் பழைய போட்டோவும் மட்டுமே சாட்சி.

அடுத்து துரு. இந்தக் காரில் தனிச் சட்டம் கிடையாது, உடல் தகடே எலும்பு. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வருவதற்கான பள்ளம் இருக்கிறது. அதில் இலை விழுந்து, தண்ணீர் தேங்கி, உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். வெளியே தெரியாது. ஒரு குடம் தண்ணீரை அங்கே ஊற்று. உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கி, கால் வைக்கும் இடத்தைத் தொட்டுப் பார். ஈரமாக இருந்தால் அந்த வண்டிக்குப் பெரிய வேலை காத்திருக்கிறது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போ. கதவின் அடிப்பகுதி, பின்சக்கரத்துக்கு மேல் வளைவு, இங்கெல்லாம் வைத்துப் பார். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி போட்டு மெழுகியிருக்கிறார்கள். பெயிண்ட் எவ்வளவு பளபளக்கிறதோ அவ்வளவு நேரம் அடியில் படுத்துப் பார். மனிதர்களிடம் பழகும்போதும் நான் இதைத்தான் செய்து வந்திருக்கிறேன். கண்ணைப் பறிக்கிற இடத்தில் அவசரப்படுவதில்லை.

பளபளப்பைப் பற்றிப் பேசும்போது ‘புல்லிட்’ படத்தில் ஓடிய பச்சை மஸ்டாங்கைச் சொல்ல வேண்டும். 1968-ஆம் வருஷத்து வண்டி. ஸ்டீவ் மெக்வீன் சான்ஃபிரான்சிஸ்கோ மேடுகளில் பறக்கவிட்டது. 1974-இல் நியூஜெர்சியில் ஒரு குடும்பம் அதை 6,000 டாலருக்கு வாங்கி, அன்றாட வேலைக்கே ஓட்டியது. 1977-இல் மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டார், கொடுக்கவில்லை. பல வருஷம் அது கொட்டகையில் கிடந்தது. 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஏலத்துக்கு வந்தபோது பெயிண்ட் மங்கி, துரு ஏறி, படப்பிடிப்புக்காகச் செய்த மாற்றங்களின் தழும்புகளோடுதான் மேடை ஏறியது. ஏலக் கட்டணம் சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர். அதைப் புதிதுபோல் மாற்றியிருந்தால் அந்த விலை வந்திருக்காது என்று வண்டி தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தழும்புகள்தான் அது அதேதான் என்பதற்குச் சாட்சி. ஒரு வண்டியை முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கத் துடிக்கிற இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அழுக்கைத் துடை, பழுதைச் சரிசெய். பழசாக இருப்பதையே பழுதாக எண்ணிவிடாதே.

டியில் இந்தப் பொய்கள் குறைவு. போலியாகச் செய்யும் அளவுக்கு அதில் லாபம் இல்லை. ஆனால் வேறு ஒரு குழப்பம் உண்டு. அதன் அடையாள எண் எஞ்சினில் இருக்கிறது. அந்தக் காலத்தில் எஞ்சின் கெட்டால் வேறொன்றை எடுத்து மாட்டிவிட்டு ஓட்டினார்கள். ஆகவே டைட்டிலில் ஒரு வருஷம், உடலில் இன்னொரு வருஷம், முன் அச்சு மூன்றாவது வருஷம் என்று கலந்திருக்கும். அதைக் கண்டு முகம் சுளிக்காதே. அந்த வண்டியை வைத்துப் பிழைத்த ஒரு குடும்பம் அதை நிற்கவிடாமல் ஓட்டியதற்கு அது அடையாளம். விலையை மட்டும் அதற்கேற்பப் பேசு.

காசு விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். ஓடும் நிலையில் உள்ள இருபதுகளின் டி ஒன்றை இன்று ஒரு சாதாரணப் புது காரின் விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கலாம். ஒன்றரைக் கோடி வெளிவந்து உலகத்தையே மாற்றிய காருக்கு ஏன் இந்த விலை? அதைப் பார்த்து ஏங்கி வளர்ந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பழைய வண்டியின் விலை பெரும்பாலும் நினைவின் விலை. பதினாறு வயதில் வாங்க முடியாததை அறுபது வயதில் வாங்குகிறவர்கள்தான் சந்தையைத் தூக்குகிறார்கள். மஸ்டாங்கைப் பதினாறு வயதில் பார்த்தவர்களுக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. சினிமாவால் அதற்கு இளைய ரசிகர்களும் உண்டு, ஆகவே டி அளவுக்கு இறங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன். விற்க நினைத்தால் மஸ்டாங்குக்கு ஒரு வாரத்தில் ஆள் வரும், டிக்குக் காத்திருக்க வேண்டும். ஆனால் லாபம் வரும் என்று எண்ணி இரண்டில் எதையும் வாங்காதே. அந்தக் காசை வேறு இடத்தில் போடு. அடுத்தவனின் இளமைக்கால ஏக்கத்தை நீ ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்? உனக்கென்று என்ன ஏக்கம் இருக்கிறது என்று பார்.

அதை நீயே கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறாய். நாள் முழுக்கத் திரையைப் பார்த்து வேலை செய்கிறேன் மாமா, கையால் ஒன்றைச் செய்யத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று. மற்ற எல்லா வரியையும் விட அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதனால் சொல்கிறேன், டியை எடு.

மஸ்டாங் உன்னை மகிழ்விக்கும், ஆனால் உன்னிடம் பெரிதாக ஒன்றும் கேட்காது. எது வேண்டுமானாலும் புதிதாகக் கிடைக்கிறது. முழு உடலையே புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். கெட்டதைக் கழற்றி, பெட்டியைப் பிரித்து, புதியதை மாட்டலாம். டிக்கும் ஒஹாயோவிலும் மாசசூசெட்ஸிலும் இன்றுவரை ஸ்பேர் பார்ட்ஸ் செய்து விற்கிறார்கள். ஆனால் மாட்டிய பிறகு சரிசெய்யும் பக்குவம் பெட்டியில் வராது. கியர் பேண்டை எவ்வளவு இறுக்குவது, மரப்பெட்டிக்குள் இருக்கும் நான்கு காயில்களின் ரீங்காரத்தை எப்படி ஒரே சுருதிக்குக் கொண்டுவருவது, ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றிய பேரிங்கை எப்படிப் பார்ப்பது, இவையெல்லாம் இன்று வயதானவர்களின் விரல்நுனியில்தான் இருக்கின்றன. அந்த மனிதர்களிடம் போய் உட்கார். செப்டம்பரில் டியர்பார்னின் கிரீன்ஃபீல்ட் வில்லேஜில் ஓல்ட் கார் ஃபெஸ்டிவல் நடக்கும். 1932 வரையிலான வண்டிகள் வரும். ஒரு சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டக் கற்றுத் தருவதுபோல, கேட்டால் முகம் மலர்ந்து சொல்லித் தருவார்கள். நீ கேட்பதற்காகக் காத்திருக்கிறவர்கள் அவர்கள். கலமசூ பக்கத்தில் ஹிக்கரி கார்னர்ஸில் உள்ள கில்மோர் மியூசியத்தில் டி ஓட்டவே வகுப்பு நடத்துகிறார்கள். வாங்குவதற்கு முன்னால் அங்கே ஒரு நாள் போய் ஓட்டிப் பார். பிடிக்கவில்லை என்றால் என் பேச்சைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மஸ்டாங்கை எடு, எனக்கு வருத்தமில்லை. அப்படி எடுத்தால் ஒன்று மட்டும் செய்: 66 வரைக்கும் அந்த வண்டிக்கு ஒற்றை மாஸ்டர் சிலிண்டர்தான். எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக இயங்கும் இரட்டைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டுத்தான் பிள்ளைகளை ஏற்ற வேண்டும்.

டியை எடுத்தால் இதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. அதன் கால் பிரேக் சக்கரத்தில் பிடிப்பதில்லை, கியர்பெட்டிக்குள் பிடிக்கிறது. அங்கிருந்து பின்சக்கரம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் வண்டி நிற்கும். டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் த்ரஸ்ட் வாஷர்களைத் தொழிற்சாலையில் ஒயிட் மெட்டலில் செய்து போட்டார்கள். நூறு வருஷத்தில் அது பொடிந்துபோயிருக்கும். பொடிந்தால் கிரவுன் வீல் பினியனை விட்டு விலகும். இறக்கத்தில் உனக்குப் பிரேக் இருக்காது. விற்கிறவர் மாற்றிவிட்டேன் என்று சொல்வார். நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் சொன்னதை அவர் நம்பியிருக்கலாம். நீ கண்ணால் பார்க்காமல் நம்பாதே. முதல் சவாரிக்கு முன்னால் பின் ஆக்ஸிலை இறக்கிப் பிரித்து, வெண்கல வாஷர் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். முன்கண்ணாடியையும் அப்போதே சேஃப்டி கிளாஸாக மாற்றிவிடு. பழையது வெறும் கண்ணாடி, உடைந்தால் கத்தியாகிவிடும்.

ஆக்ஸிலை இறக்குவது தனி ஆள் வேலை இல்லை. நாளைக் குறித்துவிட்டுச் சொல். ஜாக்கியும் ஸ்டாண்டுகளும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிடுகிறேன். வாஷரை முன்கூட்டியே வரவழைத்து வை; கேஸ்கெட்டையும் சேர்த்து ஆர்டர் போடு.

அன்புடன்,
மாமா